3060 வாங்கலாமா, 3060 டிஐ வாங்கலாமா?

கெடிலக்கரை: புதுச்சேரியில் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் (கணினித் திரைக்குப் படம் உருவாக்கும் பாகம்) விற்கும் கடையொன்றில் இரண்டு இருக்கின்றன, விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3060: 12 ஜிபி மெமரி, பூஸ்ட் வேகம் (சுமை ஏறும்போது எட்டும் கிளாக் வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ். 3060 டிஐ: 8 ஜிபி, 1665 மெகாஹெர்ட்ஸ். மெமரி, கிளாக் இரண்டுமே அதிகம் என்று கடைக்காரர் 3060-ஐக் கைகாட்டுகிறார். என் திரை 1080பி (1920×1080 புள்ளிகள்). எடுக்கலாமா?

வில்லியனூரான்: வேண்டாம் நண்பரே. 3060-இல் 3584 கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), டிஐ-யில் 4864. ஒவ்வொன்றும் சற்று மெதுவாக ஓடினாலும், வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆள் கூடுதல். மெமரிப் பாதையும் 192 பிட் அல்ல, 256 பிட். நொடிக்கு 360 ஜிபி எங்கே, 448 ஜிபி எங்கே! கோர் எண்ணிக்கை வேறுபடும்போது கிளாக்கை மட்டும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

முதுநகர்வாசி: இடம் போதாவிட்டால் அந்த வேகத்தால் என்ன பயன்? 8 ஜிபி நிரம்பினால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும். அங்கிருந்து கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வழியாக நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் வரும். சராசரி பிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம்) அழகாகத் தெரியும். கணினி ஆட்டமோ திக்கித் திக்கி நிற்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சியை ரெண்டர் செய்பவருக்கு (இறுதிப் படமாக்குபவருக்கு), வேலை நடக்குமா என்பதே மெமரியைப் பொறுத்தது.

வில்லியனூரான்: அவர் ரெண்டரைப் பற்றிக் கேட்கவில்லையே. 1080பி-யில் டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்கினால் பெரும்பாலான ஆட்டங்கள் 8 ஜிபிக்குள் அடங்கிவிடும். குறைந்த கோரை எந்த செட்டிங்கிலும் கூட்ட முடியாது. 2023-இல் வந்த 4060 டிஐ-யைப் பாருங்கள்: 8 ஜிபி, 16 ஜிபி இரண்டிலும் அதே 4352 கோர், அதே 128 பிட். மெமரி நிரம்பாதவரை இரண்டும் ஒன்றுபோலவே ஓடுகின்றன.

முதுநகர்வாசி: நிரம்பிய பிறகு? அங்கே 16 ஜிபிதான் தாக்குப்பிடிக்கிறது. பல வருடம் வைத்திருக்கப்போகிறவர் அதைத்தானே பார்க்க வேண்டும்!

நெல்லிக்குப்பத்தான்: மெமரியின் வகையை இருவருமே விட்டுவிட்டீர்கள். ஜிடி 1030 என்ற கார்டில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு மெமரி வகை உண்டு. இரண்டும் 2 ஜிபி, 384 கோர். ஆனால் ஜிடிடிஆர்5-இல் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4-இல் 16.8 ஜிபி. 3060-லும் 8 ஜிபி வகை இருக்கிறது. அது 128 பிட், 240 ஜிபி மட்டுமே. கடையில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் நம் ஊர் மாடி அறைகளில் பூஸ்ட் வேகம் தானாகவே இறங்கும். ஆகவே அரைமணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தையும் பாருங்கள்.

கெடிலக்கரை: எனக்கு ஆட்டம் மட்டும்தான். பவர் சப்ளை 550 வாட்.

வில்லியனூரான்: டிஐ-க்கு என்விடியா பரிந்துரைப்பது 600 வாட். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு டிஐ-யையே எடுங்கள்.

முதுநகர்வாசி: 3060-க்கு அந்த 550 போதும். மிச்சமாகும் பணத்தையும் கணக்கில் சேருங்கள்.