தங்கச்சிக்கு ஒரு வருஷமா அயர்ன் மாத்திரை, ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது. ரிப்போர்ட் பாத்து சொல்லுங்க

மேட்டூர்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு வயசு 23. காலேஜ் சேந்ததுலருந்தே ரத்தசோகைன்னு சொல்லி விட்டு விட்டு மாத்திரை குடுத்துட்டு இருக்காங்க, இப்ப ஒரு வருஷமா ஒரு நாள் கூட விடாம சாப்பிடறா, வயித்துல புண்ணு மாதிரி எரியுது, மலச்சிக்கல் வேற. ஆனா ஹீமோகுளோபின் போன வருஷம் 10.1, இப்ப 10.3. அவ்ளோதான். வீட்ல அவ ஒழுங்கா சாப்பிடலன்னு திட்றாங்க, அவளும் அழுவுறா. தை மாசம் கல்யாணம், மாப்பிள்ளை எங்க அத்தை பையன் தான் (அப்பா கூடப்பொறந்த தங்கச்சி பையன்). ரிப்போர்ட்ல இருக்கறது இது: ஹீமோகுளோபின் 10.3, ஆர்பிசி 5.5 மில்லியன், பிசிவி 34, எம்சிவி 62, வெள்ளணு பிளேட்லெட் ரெண்டும் நார்மல். ரத்தம் ஏத்தணுமா? ஊசி போட்டா ஏறுமா?

கீரைக்காரி:
தம்பி மாத்திரையோட டீ காபி குடிக்கறாளான்னு மொதல்ல கேளுங்க. நானும் இப்படி தான் கெடந்தேன், மாதவிலக்குல ரொம்ப போகும், படியேறுனா மூச்சு வாங்கும், ஊற வெச்ச அரிசிய அள்ளி அள்ளி திம்பேன், அது ஏன்னு கூட எனக்கு தெரியல. ஃபெரிட்டின் (ஒடம்புல சேமிச்சு வெச்சிருக்கற இரும்போட அளவு) பாத்தா 6 தான் இருந்துச்சு. மாத்திரைய வெறும் வயித்துல எலுமிச்சை ஜூஸோட எடுத்து, டீய ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சு, வாரத்துல ஒரு நாள் சுவரொட்டி, மத்த நாள் முருங்கக்கீரைன்னு சாப்ட்டேன், மூணே மாசத்துல 8லருந்து 12 வந்துட்டேன்.

லேப்மணி:
நான் லேப்ல 14 வருஷமா இருக்கேன், டாக்டர் இல்ல, அதனால இத எடுத்துட்டுப் போய் ஒரு பொது மருத்துவர்கிட்ட காட்டுங்க. ஆனா இந்த ரிப்போர்ட்ட பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

ரத்தத்த டியூப்ல ஊத்தி மெஷின்ல சுத்தவிட்டா மூணா பிரியும். மேல வைக்கோல் நிறத்துல பிளாஸ்மா, அது தான் பாதிக்கு மேல. நடுவுல நூலு மாதிரி வெள்ளையா ஒரு கோடு, அதுல தான் கிருமியோட சண்ட போடற வெள்ளணுவும் ரத்தத்த உறைய வெக்கற பிளேட்லெட்டும் இருக்கு. அடியில சிவப்பணு. அந்த அடி உயரம் மொத்தத்துல நூத்துக்கு எவ்ளோங்கறது தான் பிசிவி, தங்கச்சிக்கு 34. சிவப்பணு ஒவ்வொண்ணும் சுமாரா 120 நாள் உயிரோட இருக்கும், நுரையீரல்ல ஆக்சிஜன ஏத்தி ஒடம்பு பூரா எறக்கறது தான் அதோட வேல, அந்த ஆக்சிஜன புடிச்சு வெக்கறது ஹீமோகுளோபின்.

இப்ப முக்கியமான எடம். எம்சிவி ன்னா ஒரு சிவப்பணுவோட சைஸ், 80லருந்து 100க்குள்ள இருக்கணும், இவளுக்கு 62, ரொம்ப சின்னது. இரும்புச்சத்து இல்லன்னாலும் அணு சின்னதாகும், ஆனா அப்ப எலும்பு மஜ்ஜையால எண்ணிக்கையும் நெறைய செய்ய முடியாது, ஆர்பிசியும், அதாவது சிவப்பணு எண்ணிக்கையும், கொறையும். இவளுக்கு 5.5, நல்லாவே இருக்கு. அணு நெறைய இருக்கு ஆனா ஒவ்வொண்ணும் பொடிசு. எம்சிவிய ஆர்பிசியால வகுத்து பாப்போம், 1973லருந்து இந்த கணக்கு இருக்கு, 13க்கு மேல வந்தா இரும்பு கொறைவு, கீழ வந்தா தலசீமியா மைனரான்னு சந்தேகப்படணும். தலசீமியாங்கறது ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரைக் கோளாறு, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டருந்து மட்டும் வந்தா மைனர், ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தா மேஜர். 62ஐ 5.5ஆல வகுத்தா 11.3 வருது. இது சந்தேகம் மட்டும் தான், முடிவு இல்ல. மைக்ரோஸ்கோப்ல ஸ்லைடு பாத்தா அந்த அணுக்கள்ல சிலது நடுவுல பொட்டு வெச்ச மாதிரி தெரியும், நான் பாத்த ஒடனே டாக்டருக்கு எழுதி அனுப்பிடுவேன்.

ரெண்டு டெஸ்ட் எடுங்க, ஃபெரிட்டின், அப்பறம் ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சி, அதாவது ஹீமோகுளோபின் வகைகள தனித்தனியா பிரிச்சு அளக்கற டெஸ்ட். ரெண்டாவதுல ஏ2 ங்கற வகை எத்தன சதவீதம்னு வரும், 3.5க்கு மேல போனா தலசீமியா மைனர். ரெண்டையும் சேத்து எடுக்கணும், ஏன்னா இரும்பு ரொம்ப கொறஞ்சிருந்தா ஏ2வும் கொறச்சு காட்டி ஏமாத்திரும். கீரைக்காரி அக்கா சொல்றது அவங்களுக்கு நூத்துக்கு நூறு சரி, அரிசி திங்கற ஆசையே இரும்பு கொறைவோட அடையாளம் தான். ஆனா இவளுக்கு ஃபெரிட்டின் பாக்காமலே வருஷக்கணக்கா மாத்திரை போட்டுட்டே இருக்கறது தப்பு. அவ சாப்பிடலன்னு திட்டறதயும் மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க தம்பி.

செல்வன்அம்மா:
தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துருங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். நானும் என் வீட்டுக்காரரும் சொந்தம், எனக்கு தாய்மாமா மகன். ரெண்டு பேருக்குமே ரத்தசோகைன்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க. நான் மாசமா இருந்தப்ப எத்தன தடவ ரத்தம் எடுத்தாங்க, ஒருத்தரும் எம்சிவிய பாத்து ஒரு வார்த்த சொல்லல. பையன் பொறந்து 7 மாசத்துல வெளுத்துப் போய் பால் குடிக்க கூட தெம்பில்லாம கெடந்தான், பாத்தா ஹீமோகுளோபின் 4. தலசீமியா மேஜர். இப்ப 9 வயசு, மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தறோம். ஏத்தற ஒவ்வொரு பையிலயும் 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு உள்ள போகுது, அத வெளிய தள்ள ஒடம்புக்கு வழி கெடையாது, ஈரல்லயும் இதயத்துலயும் போய் படியும், அத எறக்க தினமும் ஒரு மாத்திரைய தண்ணில கரச்சு குடுக்கணும். ரத்தம் ஏத்தற நாள் நெருங்க நெருங்க அவன் படில ஒவ்வொரு எட்டா உக்காந்து உக்காந்து ஏறுவான். எலும்பு மஜ்ஜை மாத்துனா குணமாகும், வேலூர் சிஎம்சில 1986லருந்தே செய்யறாங்க, எங்களுக்கு பொருந்தற ஆள் இன்னும் கெடைக்கல.

மேட்டூர்பையன்:
அக்கா படிச்சிட்டு கை நடுங்குது. தங்கச்சிக்கு மைனர் இருந்தா கல்யாணத்த நிறுத்தணுமா?

லேப்மணி:
அவசரப்படாதீங்க. மைனர் ன்னா வியாதி இல்ல, அவ நல்லா இருப்பா, கொழந்தையும் பெத்துக்கலாம். ரெண்டு பேருக்கும் இருந்தா தான் ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு மேஜர் வர வாய்ப்பு. அப்பவும் 10, 12 வாரத்துல கருவ டெஸ்ட் பண்ணி பாக்க வழி இருக்கு. உங்க விஷயத்துல அத்தை பையங்கறதால அப்பாவோட ரத்தத்தயும் பாருங்க. தங்கச்சிக்கு அது அப்பா வழியா வந்திருந்தா அத்தைக்கும் இருக்க பாதி வாய்ப்பு, அத்தை பையனுக்கு கால் வாய்ப்பு. அம்மா வழியா வந்திருந்தா அத்தை வீட்டுக்கு அவ்ளோ பயம் இல்ல. மாப்பிள்ளைக்கு எப்படியும் ஹெச்பிஎல்சி எடுத்தே ஆகணும்.

மேட்டூர்பையன்:
அப்டேட். தங்கச்சிக்கு ஃபெரிட்டின் 148, இரும்பு கொறைவே இல்ல, ஏ2 5.3. மைனர் தான். மாத்திரைய டாக்டர் நிறுத்திட்டாரு, ஃபோலிக் ஆசிட் மட்டும். அப்பாவுக்கும் ஏ2 5.1, அவருக்கு 52 வயசு, இத்தன வருஷம் ஒண்ணும் தெரியல. அத்தைகிட்ட சொல்ல பயமா இருந்துச்சு, எங்க பொண்ண குத்தம் சொல்றீங்களான்னு அப்பாவே சண்டைக்கு வந்தாரு, செல்வன்அம்மா அக்கா எழுதுனத அப்படியே படிச்சு காட்டுனேன், அப்பறம் பேசவே இல்ல. மாப்பிள்ளை அடுத்த நாள் காலைல தானா போய் ரத்தம் குடுத்துட்டு வந்தாரு. நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, ஏ2 2.7, எம்சிவி 88. அத்தை ஃபோன்லயே அழுதுட்டாங்க. நேத்து ராத்திரி தங்கச்சி சாப்பிடறப்ப யாரும் அவ தட்ட எட்டிப் பாக்கல.

என்னோட சாம்பிளும் குடுத்துருக்கேன் மணி அண்ணா, எம்சிவி 65 வந்துருக்கு, ஹெச்பிஎல்சி வியாழக்கிழமை தான் வரும்.