ஃபெரெட்டுக்குச் சுகமில்லை, கையில காசும் இல்லை: ஸ்காபரோ பக்கம் ஆராவது?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். எங்கட வீட்டில 5 வயசு ஃபெரெட் (கீரி மாதிரி நீட்டு உடம்புள்ள சின்ன வளர்ப்பு மிருகம்) ஒண்டு இருக்கு. அம்மா இண்டைக்கும் அதைக் கீரிப்பிள்ளை எண்டுதான் கூப்பிடுவா. போன கிழமை காலமை கூட்டுக்குள்ள கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. வாயால வீணீர், முன்னங்காலால வாயைப் பிறாண்டுது, பின்னங்கால் ரெண்டும் இழுபடுது. முரசில கொஞ்சம் தேன் தடவினம். மெல்ல எழும்பினதும் இறைச்சி தீத்தினம்.

இரத்தத்தில சீனி 2.8 mmol/L தான், நல்லாக் குறைவு. கணையத்தில இன்சுலினைக் கூடச் சுரந்து சீனியை இறக்கிற கட்டி, இன்சுலினோமாவா இருக்கும் எண்டு டொக்டர் சொன்னார். ஃபெரெட்டுகளுக்கு நடுவயசுக்குப் பிறகு அடிக்கடி வாற வருத்தமாம். ஸ்கேன், ஒப்பரேஷன் எண்டு அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் மகள் என்ர முகத்தைப் பார்த்தாள். எனக்கோ வேலை கிழமைக்கு ரெண்டு நாளாக் குறைஞ்சிட்டுது. இப்போதைக்கு சீனி இறங்காமல் வைச்சிருக்கிற பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீராய்டு மருந்து மட்டும்தான். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரைச்ச கோழியிறைச்சி, இரவிலயும் அலாரம் வைச்சு.

ஃபெரெட் பாக்கிற, தவணையில காசு வாங்கிற டொக்டர் ஆரையும் தெரியுமோ? இந்த மருந்தை ஆரும் டொக்டர் எழுதின மருந்துத் துண்டு கொண்டுபோய் சாதாரண ஃபார்மசியில மலிவா எடுத்தனீங்களோ? தண்ணி மருந்தெண்டா இனிப்புக்குப் போடுற சைலிட்டோல் இல்லாததா வேணும், அது இதுகளுக்கு நஞ்சு.

காசு கேக்கேல்ல. "எலி மாதிரி ஒண்டுக்கு இவ்வளவோ" எண்டுறவை பேசாமல் கடந்து போங்கோ.