2, 3 போடாமல் விட்ட வாக்குச்சீட்டுகள்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் கண்டது

முதல் பதிவு

இலங்கையில் விருப்பு வாக்குகளை, அதாவது பிடித்தவருக்கு 1 போட்டபின் அடுத்த தெரிவுகளுக்கு இடும் 2, 3ஐ, முதற்தடவையாக எண்ணியது 2024 செப்டெம்பர் தேர்தலில்தான். 1982 முதல் 2019 வரை வென்றவர்கள் எல்லோரும் முதல் எண்ணிக்கையிலேயே செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்டிவிட்டார்கள். 2005இல் அது வெறும் 50.29 வீதம். அதனால் 2, 3 என்று போடலாம் என்பதே சனத்துக்கு மறந்துபோயிருந்தது.

இம்முறை அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். ஒருவரும் பாதியைத் தாண்டாததால் மற்ற எல்லோரும் ஒரேயடியாக நீக்கம். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் 2 இந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு முடிவில் பங்கெடுக்காது.

மறுமொழி

அண்ணை சொன்னதோடு கணக்கையும் பாருங்கோ. மற்றவர்களுக்கு விழுந்தவை சுமார் 33 இலட்சம். அவற்றில் இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. பன்னிரண்டில் ஒன்றுதான்! அநுர வென்றதாக அறிவித்த 55.89 வீதம், கடைசியில் இந்த இருவருக்கும் சேர்ந்த சீட்டுகளை மட்டும் வைத்து எடுத்தது. செல்லுபடியான மொத்த வாக்குகளில் அது 43 வீதமே. பெரும்பான்மையை உறுதிப்படுத்த வைத்த முறை, சனம் இந்த இருவருக்கும் 2, 3 போடாததால் அதைச் செய்யவில்லை.

2 போட்டால் தங்கள் ஆளுக்குப் பாதகம் என்று பலர் பயப்படுகிறார்கள். பாதகமே இல்லை. அவர் நீக்கப்பட்ட பிறகுதான் 2ஐப் பார்ப்பார்கள். முதலிருவரில் வந்தால் பார்க்கவே மாட்டார்கள். தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 226,343 பேர் வாக்களித்தார்கள். 2 போட்டிருந்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

மறுமொழி

போடும் விதம்: மனதுக்குப் பிடித்தவருக்கு 1. முன்னுக்கு வரக்கூடியவர்களில் உங்களுக்கு ஏற்றவருக்கு 2 அல்லது 3. தனிப் புள்ளடி (X) செல்லும், ஆனால் அது 1 மட்டும் போட்டதற்குச் சமம். புள்ளடியையும் எண்ணையும் கலக்காதீர்கள். இருவருக்கு 1 போட்டாலோ, 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலோ நிராகரிப்பு. இம்முறை நிராகரிக்கப்பட்டவை 300,300.

முறையிலும் ஒரு குறை உண்டு. மூன்றாவதாக வந்தவருக்கு எவ்வளவு 2 விழுந்திருந்தாலும் மேலே வர வழியில்லை. இந்திய ஜனாதிபதித் தேர்தலில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்குவார்கள். 1969இல் வி.வி. கிரி அப்படி அடுத்த விருப்புகளைச் சேர்த்தே வென்றார். இங்கும் அப்படி மாற்றினால் மூன்றாமவருக்கும் வழி திறக்கும். எண்ணி முடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.