9-ஆவது படிக்கிற மகள் சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்குறா, வழி சொல்லுங்க

வணக்கம் தோழிகளே. வயசுக்கு வந்த பிறகு பொண்ணுங்களுக்கு இடுப்பு, தொடையில சதை போடுறது வளர்ச்சிதான். எனக்குத் தெரியுது, என் மகளுக்குப் புரிய வைக்க முடியல. ஒரு கல்யாணப் பந்தியில என் நாத்தனார் "என்னடி, அம்மாவையே மிஞ்சிட்ட"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அதுலருந்து டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது. தோசையைப் பேப்பர்ல ஒத்தி எண்ணெயை எடுத்துட்டு, அதுலயும் பாதியைத் தள்ளி வைக்கிறா. துப்பட்டா இல்லாம மொட்டை மாடிக்குக்கூடப் போறதில்ல.

தலைசுத்துதுன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணினோம். ஹீமோகுளோபின் 12 இருக்கணும், இவளுக்கு 9.8. இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருக்காங்க, டீ காபியோட சேர்க்கக் கூடாதாம். அது சரி, சோத்து மேல இருக்கிற பயத்துக்கு என்ன பண்றது? "பசிச்சா தானா தின்பா"ங்கிறாங்க மாமியார். வீட்டுக்காரர் எடை மெஷின் வாங்கக் கிளம்பினார், வேண்டவே வேண்டாம்னு தடுத்துட்டேன்.

14416 டெலி மானஸ்ல (அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர்) பிள்ளைங்களுக்காக யாராவது பேசியிருக்கீங்களா? அவளே பேசலாமா, நான் கூட இருக்கணுமா? மதுரைப் பக்கம் இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட பக்குவமாப் பேசுற மனநல டாக்டர், டயட்டீஷியன் தெரிஞ்சா சொல்லுங்க. போனதும் எடை குறைக்கிற சார்ட்டை நீட்டுறவங்க வேண்டாம்.

பொங்கலுக்கு நாத்தனார் வர்றாங்க. உறவும் கெடாம அவங்க வாயையும் கட்டணும். உங்க வீட்டுல எப்படிச் சமாளிச்சீங்க?

புரோட்டீன் பவுடர் விக்கிறவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க.