மெபேன் வீட்டு வியாழக்கிழமைகள்

கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். 2010-ல் ஒன்று, 2025-ல் ஒன்று.

முதல் தடவை பார்த்தபோது நான் வேலைக்காக வட கரோலினாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பூங்காவில் பாட்டு, புல்லில் போர்வை விரித்து உட்கார்ந்து கேட்கலாம் என்று அலுவலக நண்பர் கூட்டிப் போனார். அமெரிக்க நாட்டுப்புற இசை என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் கிடாரோடு வருவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். மேடை ஏறியது மூன்று கறுப்பின இளைஞர்கள். ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன்.

எனக்கு இடம் மேடைக்கு அருகிலேயே கிடைத்தது. ஃபிளெமன்ஸ் விரலிடுக்கில் வளைந்த எலும்புத் துண்டுகளைச் செருகிக்கொண்டு மணிக்கட்டை உதறினார். சிப்ளாக்கட்டையில் சலங்கையைக் கழற்றிவிட்டால் வரும் ஓசை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குதிரை ஓட்டம் போல அத்தனை வேகம். கிடன்ஸ் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை நகத்தால் கீழ்நோக்கி அடித்து வாசித்தார். அதில் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கட்டைவிரல் அதை விட்டுவிட்டுத் தொட, பாட்டு முழுக்க ஒரு சுரம் விடாமல் கூடவே வந்தது. நமக்குச் சுருதி கேட்டுப் பழகிய காது அல்லவா, அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டது.

என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பின அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டும்போது அவர் மட்டும் சும்மா இருந்தார். இடைவேளையில் அவராகவே பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பாவிடம் ஒரு பாஞ்சோ இருந்ததாம். வெளியாட்கள் வந்தால் அதைத் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்களாம். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக்காரர்கள் கையில் இருந்த வாத்தியம் அது என்பதால் வந்த வெட்கம். "அப்பா போன பிறகு அது எங்கே போனதென்றே தெரியவில்லை" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்த வாத்தியம். பிறகு 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ப்ளூஸ், மலைநாட்டு வெள்ளையர்களுக்கு ஃபிடிலும் (அதாவது வயலின்) பாஞ்சோவும் என்று பிரித்து விற்றன. இரண்டு தரப்பும் இரண்டையும் வாசித்துக்கொண்டிருந்தது அப்படியே மறைந்துபோனது.

இந்த மூவரும் 2005-ல் வட கரோலினாவின் பூன் நகரில் நடந்த கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள் கூடுகையில் சேர்ந்தவர்கள். கிடன்ஸ் கிரீன்ஸ்பரோ பெண், ஓபர்லின் கல்லூரியில் ஓபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாட்டுப் படித்தவர். ஃபிளெமன்ஸ் அரிசோனாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். மூவரும் வியாழக்கிழமை தவறாமல் மெபேன் என்ற ஊரில் இருந்த ஜோ தாம்ப்சன் என்ற ஃபிடில் கலைஞரின் வீட்டுக்குப் போனார்கள். அவருக்கு அப்போது 86 வயது. ஊர் வீடுகளில் ஆட்டத்துக்கு வாசித்து வளர்ந்தவர். கூட பாஞ்சோ வாசித்த ஒன்றுவிட்ட அண்ணன் ஓடெல் 1994-ல் இறந்தபின், அந்த ஜோடி வாசிப்பு அவரோடு முடிந்துவிடும் நிலைமை. இவர்கள் போய் எதிரே உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்கக் கூடவே வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகம் கிடையாது. குருவின் எதிரே உட்கார்ந்து காதால் பிடிக்கும் படிப்புதான்.

அப்புறம் வளர்ச்சி வேகமாக வந்தது. குழுவின் 2010 ஆல்பத்துக்கு 2011-ல் சிறந்த பாரம்பரிய நாட்டுப்புற இசைக்கான கிராமி விருது. 2012 பிப்ரவரியில் தாம்ப்சன் 93 வயதில் காலமானார். அதற்குள்ளேயே ராபின்சன் விலகிவிட்டார், அடுத்து ஃபிளெமன்ஸும் போனார். கிடன்ஸ் தனியாக எவ்வளவோ செய்தார், 2023-ல் ஓபரா ஒன்றுக்குப் புலிட்சர் விருதுகூட வாங்கினார். ஆனாலும் என்னைக் கேட்டால் அந்த மெபேன் வீட்டு மாலைகள்தான் எல்லாவற்றுக்கும் விதை. கிரீன்ஸ்பரோவுக்குக் காரில் போகும்போதெல்லாம் மெபேன் பலகை வரும். ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன்.

2025 ஏப்ரலில் டர்ஹமில் கிடன்ஸ் நடத்திய 'பிஸ்கட்ஸ் அண்ட் பாஞ்சோஸ்' விழாவில் அந்தக் குழுவினர் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். ஃபிடில் தொடங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

அன்று பகலில் தெருவில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதை ஓரத்தில் பத்து வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் மடியில் பாஞ்சோவை வைத்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். அந்தக் குட்டைத் தந்திதான் சேரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் அம்மா காலிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். தந்தி சேர்ந்ததும் அவன் தலை நிமிராமலேயே வாசிக்கத் தொடங்கினான்.