ஸ்மார்ட்வாட்ச் ஒன்றே டைவ் கம்ப்யூட்டராகப் போதுமா?

கடல்நீலம்:
வணக்கம். சென்ற ஆண்டு மலேசியாவின் தியோமான் தீவில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றேன். ஒவ்வொரு பயணத்திலும் டைவ் கம்ப்யூட்டருக்கு வாடகை கட்டிச் சலித்துவிட்டது. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடுவதற்கும் குளத்தில் நீந்துவதற்கும் எப்படியும் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கத்தான் போகிறேன். 40 மீட்டர் வரை முக்குளிக்கலாம் என்று சொல்லும் ஒன்றை வாங்கிவிட்டால், தனியாக டைவ் கம்ப்யூட்டர் தேவைப்படாமல் போகுமா? ஆகஸ்டில் மலேசியாவின் டாயாங் தீவுக்குச் செல்கிறோம். அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

மெர்சிங் பயணி:
வேண்டாம் என்பதே என் கருத்து. ஆழத்தைக் காட்டுவது டைவ் கம்ப்யூட்டரின் வேலையில் ஒரு பகுதிதான். உங்கள் உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கிறது என்பதை முதல் முக்குளிப்பிலிருந்து கடைசி முக்குளிப்பு வரை விடாமல் கணக்கு வைத்திருப்பதே அதன் முதன்மையான பணி. கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் வேகமாக மேலேறினால் அது குமிழியாகி உடலைத் தாக்கும். அந்தக் கணக்கு இடையில் அறுந்தால் கருவி இருந்தும் பயனில்லை.

இதை டாயாங்கிலேயே பார்த்தேன். வெள்ளி இரவு பேருந்தில் கிளம்பி, மெர்சிங்கில் படகேறி, விடியற்காலையில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நண்பரின் வாட்ச் ஜிபிஎஸ் பதிந்துகொண்டும் செய்திகளைக் காட்டிக்கொண்டும் இருந்தது. இரண்டாம் முக்குளிப்பு முடிந்து படகில் தர்பூசணி தின்றுகொண்டிருந்தபோது அதன் திரை கறுத்துவிட்டது. மூன்றாவது முக்குளிப்புக்குக் கடையின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்றார். முன்னர் இறங்கிய இரண்டு முறையும் இரவல் கருவிக்குத் தெரியாது. அவர் அன்று முதன்முதலாக இறங்குவதாகவே அது கணக்கிட்டு, நீருக்கடியில் இருக்கத் தாராளமாக நேரம் கொடுக்கும். மாலையில் சார்ஜ் ஏற்றிய பிறகு அவருடைய வாட்சுக்கோ மூன்றாவது முக்குளிப்பு நடந்ததே தெரிந்திருக்காது. எங்கள் வழிகாட்டி அவரை அன்று முழுவதும் படகிலேயே உட்கார வைத்தார், அது முற்றிலும் சரியான முடிவு.

பவளத்திட்டு:
நண்பர் சொல்லும் நிகழ்ச்சியை நான் மறுக்கவில்லை, ஆனால் அது சார்ஜ் ஏற்ற மறந்தவரின் தவறே அன்றி ஸ்மார்ட்வாட்ச் என்ற வகையின் குறை அன்று. மின்கலத்தை மாற்றாமல் விட்ட தனிக் கம்ப்யூட்டரும் நடுவழியில் அணைந்துபோகும்.

கணக்கிடும் முறையைப் பாருங்கள். கார்மின் நிறுவனத்தின் டிசென்ட் என்ற முக்குளிப்பு வாட்ச் வரிசை 2017இலேயே வந்துவிட்டது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2022இல் வந்தபோது அதை டைவ் கம்ப்யூட்டராக்கும் ஓஷியானிக் பிளஸ் செயலியும் அறிவிக்கப்பட்டது. 2024இல் சுண்டோ ஓஷன் வாட்ச் வந்தது. அதே ஆண்டில் வந்த கார்மின் ஃபீனிக்ஸ் 8 வாட்சிலும் 40 மீட்டர் வரையிலான முக்குளிப்பு வசதி சேர்க்கப்பட்டது. இவை அனைத்தும் சூரிக் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் வகுத்த 16 திசுப்பகுதி மாதிரியையே (உடலை வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்று வெளியேற்றும் 16 பகுதிகளாகக் கருதும் கணக்கு) அடிப்படையாகக் கொண்டவை. தொழில்முறை முக்குளிப்பாளர்கள் நம்பி அணியும் ஷியர்வாட்டர் நிறுவனத் தனிக் கம்ப்யூட்டர்களிலும் அதே மாதிரிதான் இருக்கிறது. அப்படியிருக்க, ஓடும்போதும் பயன்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது எப்படி நியாயமாகும்?

நம் ஊர் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். புலாவ் ஹந்து தீவில் நீர் கலங்கிய நாள்களில் இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பழைய எல்சிடி திரையை முகக்கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் படித்திருக்கிறேன். இப்போது அணியும் வாட்சின் ஒளிரும் திரையைக் கை நீட்டிய தூரத்திலேயே படித்துவிடுகிறேன். என் பழைய கம்ப்யூட்டரோ பாதிப் பயணங்களில் வீட்டு இழுப்பறையிலேயே தங்கிவிடும், வாட்ச் என் மணிக்கட்டை விட்டு இறங்குவதே இல்லை.

மெர்சிங் பயணி:
பூல்மன் மாதிரியைப் பற்றிச் சொன்னது சரியே. அதே மாதிரிதான் என் வாதத்துக்கும் ஆதாரம். அந்த 16 பகுதிகளில் மிக மெதுவானதன் அரைவாழ்நேரம், அதாவது மிகுந்த நைட்ரஜனில் பாதி வெளியேற ஆகும் நேரம், 635 நிமிடம், ஏறத்தாழ பத்தரை மணி நேரம். சனிக்கிழமை நான்கு முறை இறங்கியவரின் உடலில் ஞாயிறு காலையிலும் அதன் மிச்சம் இருக்கும். ஆகவே வார இறுதி முழுவதும் அணையாத கருவிதான் வேண்டும். ஓட்டத்துக்கும் உறக்கக் கண்காணிப்புக்கும் திறன்பேசிச் செய்திகளுக்கும் சேர்த்து உழைக்கும் கருவியிடம் அந்த உறுதியை எதிர்பார்ப்பது கடினம்.

இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விளம்பரங்களில் காட்டப்படும் ஈ.என். 13319 என்ற ஐரோப்பியத் தரம் ஆழத்தையும் நேரத்தையும் அளக்கும் கருவிகளுக்கானது. அழுத்தநீக்கக் கணக்கு, அதாவது நைட்ரஜன் பாதுகாப்பாக வெளியேற எப்படி மேலேற வேண்டும் என்ற கணக்கு, அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. அந்தச் சான்றைக் காட்டி, நோ-டெக்கோ நேரமும் (மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம்) சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பவளத்திட்டு:
அந்தத் தரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த வரம்பு தனிக் கம்ப்யூட்டர்களுக்கும் அப்படியே பொருந்துமே. அதை ஸ்மார்ட்வாட்சுக்கு மட்டும் எதிரான வாதமாக வைக்க முடியாது.

கடல்நீலம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே மாதிரியைப் பின்பற்றும் இரண்டு கருவிகளும்கூட ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை, ஏனெனில் எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிட வேண்டும் என்பதை அணிபவரே தேர்ந்தெடுக்கிறார். கார்மினில் நடுத்தர அமைப்பு 40/85, தளர்ந்த அமைப்பு 45/95. மாதிரி அனுமதிக்கும் உச்ச வரம்பில் எத்தனை சதவீதம் வரை நெருங்கலாம் என்பதையே இந்த எண்கள் குறிக்கின்றன. வாங்கியதும் இந்த எண்களைப் பார்த்து, துணையாக இறங்குபவரின் கருவியோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது குறைந்த நேரம் காட்டுகிறதோ அதன்படியே இருவரும் மேலேற வேண்டும்.

அலைகரை:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 10 ஏடிஎம் என்று பின்புறம் பொறித்திருக்கும் எல்லா வாட்சும் முக்குளிப்புக்கு ஏற்றவை அல்ல. அது நீர்த்தடுப்பின் அளவு மட்டுமே. முக்குளிப்பு வசதி இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். செயலியின் நோ-டெக்கோ கணக்குக்குச் சந்தா வேண்டுமா என்பதையும் சிங்கப்பூரில் இருக்கும்போதே பார்த்து, கட்டி முடித்துவிடுங்கள். தீவில் இணையத்தை நம்ப முடியாது. தொடுதிரை நீருக்கடியில் வேலை செய்யாது என்பதால், எந்தப் பொத்தான் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

மெர்சிங் பயணி:
அலைகரை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பவளத்திட்டிடம் ஒரே ஒரு கேள்வி: டாயாங்கில் இரண்டு நாள் இருந்தபோது உங்கள் வாட்ச் எப்போது கையைவிட்டு இறங்கியது?

பவளத்திட்டு:
இரவு உணவின்போது ஒரு மணி நேரம் சார்ஜில் வைத்தேன். பயணம் தொடங்கியதிலிருந்து செய்திகளையும் ஜிபிஎஸ்ஸையும் அணைத்துவிடுவேன். கூடுதலாக ஒரு பவர் பேங்க்கும் எடுத்துச் செல்வேன். அத்துடன், பழைய கம்ப்யூட்டரையும் எல்லா முக்குளிப்பிலும் மறு மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறேன். இரண்டும் முதல் முறையிலிருந்தே உடன் இறங்குவதால், ஒன்று அணைந்தாலும் மற்றதில் கணக்கு அறுவதில்லை.

மெர்சிங் பயணி:
அப்படியானால் உங்களிடமும் இரண்டு கருவிகள் இருக்கின்றன. இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடல்நீலம்:
அனைவருக்கும் நன்றி. முக்குளிப்பு வசதியுள்ள வாட்சை வாங்கப் போகிறேன், ஆனால் டாயாங்கில் முதல் முக்குளிப்பிலிருந்து கடைசி வரை ஒரே வாடகைக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணிவேன். அதற்கு முன்பு ஹந்துவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கட்டிக்கொண்டு இறங்கி, நோ-டெக்கோ நேரத்தில் எத்தனை நிமிட வேறுபாடு வருகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.