நோவா எசெங்கே தேறுவானா? கணிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, 2025 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சிகாகோ புல்ஸ் அணி 12-வதாக எடுத்த பிரெஞ்சுப் பையன் நோவா எசெங்கே ஜெர்மனியில் உல்ம் அணிக்கு ஆடிய ஆட்டங்களை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. டிராஃப்ட் அன்று அவனுக்கு 18 வயதுதான். பந்து கைமாறியதும் நீளக் காலை எட்டிப்போட்டு நாலே எட்டில் கூடைக்கடியில் நிற்கிறான், எதிராளியை ஃபவுல் செய்யவைப்பதில் கில்லாடி. ஆனால் மூலையில் தனியாக நிற்கும்போது பந்து வந்தால் எறியலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசிக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஜெர்மனியில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏவில் கூடைக்கு நேர் எதிரே 7.24.

இந்த வயதில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) சதவீதத்தை நம்பி ஷூட்டிங் பின்னால் தேறும் என்று சொல்லலாமா? அப்புறம் 40 நிமிட ஆட்டத்து எண்களை 48 நிமிடத்துக்கு வெறுமனே பெருக்கினால் போதுமா, இல்லை வேறு கணக்கு உண்டா?

2016-இல் 4-வதாகப் போன டிராகன் பெண்டர் நிலைக்கவில்லை, கிரீஸ் இரண்டாம் டிவிஷனிலிருந்து 2013-இல் 15-வதாகப் போன யானிஸ் அண்டெடோகூன்போ எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் கேட்கிறேன், ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.